வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ்: அல்சூர் – ஆம்பூர் – பர்கூர் ஒருநாள் பயணத்தில் போட்ட கணக்கு

ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்களில் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்ச காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அந்த டோல் பாஸ் வாங்கலாமா?" பெங்களூரு அல்சூரில் தையல் கடை நடத்துகிறேன். லைனிங், ஃபால்ஸ், பாவாடைத் துணி எல்லாம் பர்கூரில் போய் எடுப்பதுதான் வழக்கம். அக்காவை ஆம்பூரில் கொடுத்திருக்கிறது. அதனால் ஓசூர் சாலையில் என் கார் அடிக்கடி ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலையில் மூன்று சாவடியாவது தாண்டி மாதம் ஒரு தடவையாவது சொந்தக் காரில் வெளியூர் போய் வருகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அதைவிடக் குறைவாகப் போகிறவர்கள் தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும். அந்தக் கணக்கு பலருக்கும் தப்பாகச் சொல்லப்படுகிறது என்பதால்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நான் வாங்கியபோது விலை 3,000 ரூபாய். ஓராண்டுக் காலம் அல்லது 200 தடவை சாவடி கடப்பது, இரண்டில் எது முந்துகிறதோ அத்தோடு முடிந்துவிடும். கார், ஜீப், வேன் ஆகிய சொந்த வாகனங்களுக்கு மட்டுமே உண்டு. வாடகை வண்டிக்குக் கிடையாது. முன்கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகிலேயே பாஸ் ஏறிவிடும், புது ஸ்டிக்கர் வேண்டாம். வாங்க வேண்டிய இடம் 'ராஜ்மார்க் யாத்ரா' செயலி அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இணையதளம். தேடும்போது அதே மாதிரித் தோற்றத்தில் வேறு தளங்கள் வந்தால் அவற்றில் பணம் கட்டாதீர்கள். வண்டி எண்ணைக் கொடுத்துப் பணத்தைக் கட்டியதும், 'வாகன்' என்ற அரசு வண்டிப் பதிவேட்டில் சரிபார்த்து இரண்டு மணி நேரத்துக்குள் பாஸ் உயிர்பெறும் என்கிறார்கள். நான் பணம் கட்டிவிட்டு ஒரு சல்வார் வெட்டி முடிப்பதற்குள் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

200 என்ற எண்ணை ஊருக்குப் போய்வரும் நடை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துச் சாலைகளில் ஒரு சாவடியைத் தாண்டினால் ஒன்று கழியும். திரும்பி வரும்போது அதே சாவடியில் இன்னொன்று கழியும். அல்சூரிலிருந்து ஆம்பூர் போக அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி என்று மூன்று சாவடிகள். போக மூன்று, வர மூன்று, ஆக ஒரு நடைக்கு ஆறு. நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் பார்த்துக் கட்டணம் போடும் மூடிய விரைவுச்சாலைகளில் மட்டும் இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கணக்காகும்.

இனி அந்தத் தப்புக் கணக்கு. '3,000 ரூபாயை 200 ஆல் வகுத்தால் ஒரு சாவடிக்கு 15 ரூபாய். டோல் 70 ரூபாய் என்றால் ஒவ்வொரு தடவையும் 55 ரூபாய் லாபம்' என்று சொல்லிப் பாஸை வாங்க வைக்கிறார்கள். தங்கிவிட்டு 24 மணி நேரம் தாண்டித் திரும்புகிறவர்களுக்கு அது சரி. அன்றே போய் அன்றே திரும்புகிறவர்களுக்குச் சரியில்லை. 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால் இரண்டு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம் என்பது பழைய விதி. சாதாரண ஃபாஸ்டேகில் அது தானாகவே கழிந்துகொள்ளும். 70 ரூபாய்ச் சாவடி என்று வைத்துக்கொண்டால் போக 70, வர 35, மொத்தம் 105. மூன்று சாவடிக்கு 315 ரூபாய். 3,000 ரூபாயை 315 ஆல் வகுத்தால் ஒன்பதரை வருகிறது. அதாவது பத்தாவது நடையில்தான் போட்ட முதல் திரும்புகிறது. போக 70, வர 70, ஆக 140 என்று பெருக்கிப் பார்ப்பவர்கள் எட்டாவது நடையிலேயே திரும்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பத்து நடைக்குப் பிறகு பாஸுக்கு ஈடே இல்லை. மாதம் இரண்டு தடவை துணி எடுக்கப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 24 நடை, 144 கடப்பு. பாஸ் இல்லாவிட்டால் 24 நடைக்கு 7,560 ரூபாய் போயிருக்கும். மிச்சம் 4,560. இது என்னைப் போன்ற ஒரு சின்னக் கடைக்கு ஒரு மாத நூல், பொத்தான், கொக்கிச் செலவு. இடையில் கட்டணத்தை உயர்த்தினாலும் பாஸ் முடியும்வரை நம்மைத் தொடாது. தமிழ்நாட்டில் சில சாவடிகளில் ஏப்ரலிலும் மற்றவற்றில் செப்டம்பரிலும் கட்டணம் மாறுகிறது. அந்த இரண்டு மாதங்களிலும் இப்போது செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தைக்கப் போகிறேன்.

காசு இருக்கட்டும். ஒருநாள் பயணத்தைத் திட்டமிடும் விதத்தையே இந்தப் பாஸ் எனக்கு மாற்றிவிட்டது. அதை ஒரு நடையை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆம்பூரில் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூரில் இரவு தங்கினால் தூக்கம் வராது, ஆகவே அன்றே திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எனக்கோ பர்கூரில் லைனிங் எடுக்க வேண்டும், ஐப்பசி முகூர்த்தங்களுக்கு வெட்ட வேண்டிய ஜாக்கெட்டுகள் மேசையில் குவிந்திருந்தன. இரண்டு ஊரும் ஒரே நெடுஞ்சாலையில் இருப்பது வசதி. கிருஷ்ணகிரியில் சேலம் போகிற 44ஐ விட்டுச் சென்னை போகிற 48இல் பிரிந்தால் முதலில் பர்கூர், அப்புறம் நாட்டறம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர்.

எந்த ஊருக்கு முதலில் போவது என்பதுதான் கேள்வி. வழியில் முதலில் வருவது பர்கூர் என்பதால் அங்கே முதலில் இறங்குவதுதான் பலரும் செய்வது. நான் ஆம்பூருக்கு முதலில் போய்விட்டுத் திரும்பும்போது பர்கூரில் இறங்குவேன். துணிக்கடைகளில் காலையில் கட்டு பிரிக்கும் நேரத்தில் போய் நின்றால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கடை அமைதியாகிவிடும், ஒவ்வொரு துணிச் சுருளாக (தான்) பிரித்துப் பார்க்கலாம். துணி மூட்டையை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் காரை நிறுத்தி வைக்கவும் வேண்டியதில்லை. பாஸ் கணக்கில் எப்படிப் போனாலும் ஆறுதான். தவிர பர்கூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருப்பது வாணியம்பாடிச் சாவடி ஒன்றுதான். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பிப் போக நேர்ந்தாலும் இரண்டு கடப்பு போகும், பணம் போகாது. முன்பெல்லாம் அந்த ஒரு சாவடிக்குப் பயந்து, கிடைத்த நிறத்தை வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அந்த நேரத்தில் மடிவாளா, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி எல்லாமே வெறிச்சோடிக் கிடக்கும். மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச்சாலையிலேயே போய்விடலாம். தலைக்கு மேலே மஞ்சள் வழித்தட மெட்ரோ. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை அது ஓடத் தொடங்கியதும் 2025 ஆகஸ்டில்தான், பாஸ் வருவதற்கு நான்கு நாள் முன்னால். வேலை நடந்த ஆண்டுகளில் அந்தச் சாலையில் பட்ட பாட்டை ஓசூர் பக்கம் போய் வருகிற யாரும் மறக்கமாட்டார்கள்.

அத்திப்பள்ளியில் தடுப்புக்கட்டை எழும்பிய கையோடு கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. சித்தி அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். "பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே அம்மா, பணம் எடுக்கவில்லையா? அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகலாம், பாவம்" என்றார். ஒரு தடவைக்கு 15 ரூபாய் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது என்று விளக்கியதும் கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டார். கிருஷ்ணகிரியிலும் வாணியம்பாடியிலும் அது ஒலித்ததும் உரக்கப் படித்துச் சொன்னார்.

சூளகிரி தாண்டி விடிந்தது. கிருஷ்ணகிரியில் இட்லி. அங்கிருந்து சாலை நன்றாக இருந்தது, லாரிகள் இடப்பக்கம் ஒதுங்கிக்கொடுத்தன. எட்டரை மணிக்கெல்லாம் அக்கா வீட்டு வாசலில் நின்றோம். அவர்கள் இருவரும் பேச உட்கார்ந்ததும் எனக்கு அங்கே வேலையில்லை. மாமா போய்ப் பதினொரு மணிக்கு முதல் அண்டா பிரியாணி வாங்கி வந்தார். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி ஊர் ஊராக எழுதியாகிவிட்டது, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் நிறம் சீரகச் சம்பாவில் ஏறியிருக்குமே, அந்தச் சிவப்பு பெங்களூருவில் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கூடவே அந்தப் புளிப்பான கத்திரிக்காய். வயிறு நிறையச் சாப்பிட்டால் வண்டி ஓட்டும்போது கண்ணைச் சுழற்றும் என்பதால் அளவோடு நிறுத்தினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு சாவடியில்தான் (எது என்று எழுதப்போவதில்லை) கட்டை எழும்பவில்லை. ஊழியர் எட்டிப் பார்த்து, "அம்மா, டேக் படிக்கவில்லை, பணமாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். டேக் செல்லுபடியாகும் நிலையில் இருந்து, சாவடியின் கருவிதான் படிக்கத் தவறுகிறது என்றால், வண்டியைக் கட்டணமின்றி அனுப்பி, பூஜ்ய ரசீது தர வேண்டும் என்பது 2018இலிருந்து உள்ள விதி. பணம் கொடுக்கத் தொடங்கினாலோ கதை வேறு. 2025 நவம்பர் 15இல் வந்த விதியில், செல்லுபடியாகும் டேக் இல்லாத வண்டிக்கு ரொக்கம் என்றால் இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு என்று வைத்தார்கள். நான் செயலியைத் திறந்து, பாஸ் நடப்பில் இருப்பதையும் மீதி எண்ணிக்கையையும் காட்டினேன். "தம்பி, கைக் கருவியை எடுத்து வாருங்கள்" என்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் இறங்கி வந்து, கையடக்கக் கருவியைக் கண்ணாடியில் ஸ்டிக்கருக்கு நேரே ஒட்டினாற்போல் பிடித்தார். ஒரு பீப். கட்டை எழும்பியது. கணக்கில் ஒன்று குறைந்திருந்தது, ரூபாய் எதுவும் போகவில்லை. அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபமில்லை, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார். ஆனால் செயலியை முன்கூட்டியே திறந்து வைத்திருப்பது நல்லது. சிக்னல் இல்லாத இடமென்றால் மீதியைக் காட்டும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். வண்டி நடுவழியில் நின்றாலும் அதே எண்தான்.

பர்கூரில் இரண்டு மணி நேரம். லைனிங் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்காதீர்கள், தானை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் கரும்பச்சை, அரக்கு, கருநீலம் மூன்றையும் ஓரத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். கைக்குட்டையில் சாயம் இறங்கினால் அந்தத் தானை அப்படியே வைத்துவிடுங்கள், பட்டு ஜாக்கெட்டின் அக்குளில் அது கறையாகத்தான் முடியும். அன்று நான் தேய்த்த அரக்கில் ரோஜா நிறம் இறங்கியது. கடைக்காரரே அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வேண்டாம், உள்ளே வேறு மில் துணி இருக்கிறது" என்று பரணில் ஏறி எடுத்துக்கொடுத்தார். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போகிறேன். வாங்கியதற்குப் பில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்; 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எடுத்து மாநில எல்லை தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு வைத்திருக்க வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) கட்டாயம்.

மூன்றரைக்குக் கிளம்பியும் பொம்மசந்திரா வரும்போது கம்பெனி பஸ்கள் இறங்கிவிட்டன. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அல்சூர் வருவதற்கு ஆன நேரத்தில் ஓசூருக்கே திரும்பிப் போயிருக்கலாம். பாஸ் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இதையும் சொல்லியாக வேண்டும்: பாஸ்காரர்களுக்கென்று தனி வழி கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின இரவு கிருஷ்ணகிரியில் நிற்கிற வரிசையில் எல்லோரோடும்தான் நிற்க வேண்டும்.

இன்னும் சில குறைகள் உண்டு. பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும்தான் செல்லும். மாநில நெடுஞ்சாலை, வாகன நிறுத்தம், நம் ஊர் நைஸ் ரோடு எதிலும் செல்லாது. அங்கெல்லாம் டேகில் உள்ள சாதாரண இருப்பிலிருந்துதான் கழியும், ஆகவே பாஸ் இருக்கிறதே என்று இருப்பைக் காலியாக விடக்கூடாது. அந்த இருப்பை வைத்துப் பாஸ் வாங்கவும் முடியாது, பாஸ் விலையைத் தனியாகக் கட்ட வேண்டும். பாஸ் வண்டிக்கு உரியது. அண்ணன் தம்பி இரண்டு பேர் கார் வைத்திருந்தால் ஆளுக்கொன்று வாங்க வேண்டும், மாற்றி ஒட்ட முடியாது. புது வண்டிக்குச் சேஸிஸ் எண்ணை மட்டும் கொடுத்து வாங்கிய டேகில் பாஸ் ஏறாது, பதிவு எண்ணைச் சேர்த்த பிறகுதான் ஏறும்.

எனக்கு மனக்குறை ஒன்றுதான். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒன்றரை மடங்கு என்று சாதாரண டேகுக்குக் கொடுக்கிற சலுகை பாஸில் இல்லாமல் போவது நியாயமாகப் படவில்லை. அன்றே திரும்புகிறவர்கள் யார்? மருத்துவமனைக்கு வருகிறவர்கள், சரக்கெடுக்கப் போகிற சின்னக் கடைக்காரர்கள், வயதானவர்களை அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுடைய திரும்பும் கடப்பை அரையாகக் கழித்தால் 200 என்பது இன்னும் நீண்ட தூரம் வரும். ஆணையம் இதைச் செய்ய வேண்டும். செயலியில் ஏற்கெனவே நேரமும் சாவடியும் பதிவாகிக்கொண்டுதானே இருக்கின்றன.

என் பாஸ் முடிந்ததும் மறுபடி வாங்குவேன். தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதால் வாங்கிய தேதியை அளவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் சாவடிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு வேண்டாம் என்றேன். 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அந்த ஒரு சாவடிக்கென்று உள்ளூர் மாதப் பாஸ் இருக்கிறது, தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு 200 என்பது நான்கு மாதம்கூடத் தாங்காது. அக்காவும் கேட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஒரு கல்யாணத்துக்கும் மட்டும்தான் மாமா காரை எடுத்துக்கொண்டு பெங்களூரு வருவார். அந்த 3,000 ரூபாயை டேகில் போட்டு வைக்கச் சொன்னேன். இரண்டு மூன்று ஆண்டுக்கு அதுவே போதும்.